சனம் இல்லாத இடத்தைச் சத்தத்தால் நிரப்ப ஏலாது

தீவகத்துத் தேவாலயங்களில் ஒரு போட்டி நடக்குது. யாருக்கு யார் போட்டி என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நடக்குது. போன வருடத் திருவிழாவுக்கு நாலு ஸ்பீக்கர் பெட்டி என்றால் இந்த வருடம் ஆறு. போன வருடம் கீபோர்ட் மட்டும் என்றால் இந்த வருடம் ஒக்டாபாட்டும் சேர்த்து. மிக்சர் மாறுது, அம்ப் மாறுது, வயர் மாறுது. மாறாத ஒன்று இருக்கு: பிரசங்கத்தில் சுவாமி என்ன சொன்னவர் என்று பின்வாங்கில் இருக்கிற ஆளுக்கு விளங்குவதில்லை.

இதைச் சொன்னால் உடனே வாற பதில், "சவுண்ட் காணாது, இன்னும் கூட்டவேணும்". இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு எதிராக எழுதப்படுவது. சவுண்ட் கூடிவிட்டது. அதனால்தான் விளங்குவதில்லை.

முதலே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது எந்த ஒரு பங்கையும் எந்த ஒரு சுவாமியையும் குறிவைத்து எழுதுவது இல்லை. எழுவைதீவில் இருந்து யாழ்ப்பாணம் வரை, கத்தோலிக்கக் கோயில், அங்கிலிக்கன் கோயில், சபை, ஜெபக்கூடம் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லா இடமும் நடக்கிற விசயம். ஆனால் எழுவைதீவை வைத்துத்தான் கதைக்கப்போகிறேன். ஏனென்றால் இந்தப் பிரச்சினையின் அடி எங்கே இருக்குது என்று அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரியும்.

தெரியாத ஆக்களுக்கு: ஊர்காவற்றுறையில் போட் ஏறிப் போகவேண்டிய சின்னத் தீவு எழுவைதீவு. ஒரு அந்தத்தில் இருந்து மற்ற அந்தத்துக்கு நடந்தே போய்விடலாம். கத்தோலிக்கரும் சைவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊர். கடல், காத்து, பனையோலை, இதுகள்தான் அங்கே வழமையான சத்தம். வாகனத்தை விரல்விட்டு எண்ணலாம். மணி அடித்தால் ஊர் முழுக்கக் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் கொழும்புக் காலிமுகத்திடலில் இசைநிகழ்ச்சி வைக்கிற மாதிரி ஏன் பெட்டி அடுக்கவேணும்? இந்தக் கேள்வியைக் கேட்டால் ஊரில் கோபப்படுவார்கள். கோபப்படட்டும், ஆனால் பதிலும் சொல்லட்டும்.

விளங்காமல் போவது எப்படி

1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டின ஒரு விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர்கள் கதைப்பது பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிகவியல் ஆசிரியரிடம் "இதைத் திருத்து" என்று கொடுத்தார்கள். அவர் ஒரு ஓர்கன் குழாயையும் நேரம் அளக்கிற கருவியையும் வைத்துக்கொண்டு இரவிரவாக வேலை செய்தார். பக்கத்து அரங்கின் ஆசன மெத்தைகளைத் தூக்கிவந்து மண்டபத்தில் அடுக்கி, குழாயை ஊதி, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் எடுக்குது என்று அளந்தார். வெறும் மண்டபத்தில் ஒரு சொல் கிட்டத்தட்ட ஐந்தரை விநாடி தங்கி நின்றது. மெத்தை கூடக் கூட அந்த நேரம் குறைந்தது. மெத்தை மட்டும் இல்லை, மனிச உடம்பும் ஒலியைக் குடிக்கும் என்பதையும் அவர் அளந்து காட்டினார்.

ஐந்தரை விநாடி என்றால் என்ன? நாங்கள் சாதாரணமாகக் கதைக்கும்போது ஒரு விநாடிக்குள் நாலைந்து அசை போய்விடும். முதல் அசையின் முழக்கம் சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி வந்துகொண்டு இருக்கும்போதே இருபதாவது அசை வாயில் இருந்து வந்துவிடுது. எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்று விழுந்து குழம்பாகிவிடும்.

தமிழுக்கு இது இரட்டை அடி. எங்கட மொழியில் குறிலும் நெடிலும் பொருளை மாத்தும். கல் வேறு, கால் வேறு. படு வேறு, பாடு வேறு. முழங்குகிற மண்டபம் எல்லாக் குறிலையும் இழுத்து நெடிலாக்கிவிடும். மெய்யெழுத்துக்கள் பாவம், அதுகளுக்கு வலு குறைவு. உயிரெழுத்தின் முழக்கம் அதுகளை விழுங்கிவிடும். மிச்சமாகக் காதுக்கு வருவது ஒரு நீண்ட "ஆஆ ஓஓ". அதைத்தான் நாங்கள் மறையுரை என்று கேட்டுவிட்டு "ஆமென்" சொல்லுகிறோம்.

இப்போது வொலியூமைக் கூட்டுங்கள். என்ன நடக்கும்? ஸ்பீக்கரில் இருந்து நேரே காதுக்கு வாற ஒலியும் கூடும், சுவரில் பட்டுவாற முழக்கமும் அதே அளவுக்குக் கூடும். இரண்டுக்கும் இடையில் உள்ள விகிதம் அப்படியே இருக்கும். விளங்குவதைத் தீர்மானிப்பது அந்த விகிதம். கலங்கின தண்ணியை இன்னும் ஒரு வாளி ஊத்தினால் தெளியுமா? அதுதான் வொலியூமைக் கூட்டுற வேலையும்.

சனம் போனபிறகு

இனித்தான் முக்கியமான இடம். சபைன் கண்டுபிடித்த கணக்கு மிக லேசானது. மண்டபத்தின் கனவளவை 0.161ஆல் பெருக்கி, உள்ளே ஒலியைக் குடிக்கிற பரப்பால் பிரித்தால், முழக்கம் அடங்குகிற நேரம் விநாடியில் வரும்.

உதாரணத்துக்கு ஒரு கோயிலை எடுப்போம். 20 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், 6 மீற்றர் உயரம். சாந்து பூசின சுவர், சீமெந்து நிலம். கனவளவு 960 கனமீற்றர். சுவர், நிலம், கூரை எல்லாம் சேர்ந்து ஒலியைக் குடிப்பது 20 சதுரமீற்றர் அளவுக்கு என்று வைப்போம். திறந்து கிடக்கிற கதவு, யன்னல் ஒரு 15 சதுரமீற்றர் (திறந்த யன்னலால் வெளியே போன ஒலி திரும்பி வராது, ஆகவே அது முழுக்கக் குடிக்கும்). மொத்தம் 35. ஒரு ஆள் இருந்தால் அரைச் சதுரமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, 0.45 என்று வைப்போம்.

அந்தக் கோயிலில் 200 பேர் இருந்தால் முழக்கம் அடங்க ஒன்றேகால் விநாடி. பேச்சு நன்றாக விளங்கும். அதே கோயிலில், அதே சுவருக்குள், 40 பேர் மட்டும் இருந்தால்? கிட்டத்தட்ட மூன்று விநாடி. பேச்சுச் செத்துவிடும்.

இந்த இரண்டு எண்ணுக்கும் இடையில்தான் தீவகத்தின் கடைசி முப்பத்தைந்து வருடம் இருக்கு. 1990, 91இல் தீவுகளில் இருந்து சனம் வெளிக்கிட்டது. வெளிக்கிட்ட எல்லாரும் திரும்பி வரவில்லை. வந்தவர்களின் பிள்ளைகளும் படிப்புக்கு, வேலைக்கு, வெளிநாட்டுக்கு என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். கோயிலை மட்டும் அன்றைக்கு இருந்த சனத்துக்கு அளவாகக் கட்டி வைத்திருக்கிறோம். சில இடங்களில் வெளிநாட்டுக் காசில் இடித்து இன்னும் பெரிதாகக் கட்டி, உயரமாக்கி, நிலத்துக்கு மாபிள் பதித்து, யன்னலுக்குக் கண்ணாடி போட்டுப் பூட்டியும் விட்டோம். ஒலியைக் குடிக்கிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "ஐயோ எக்கோ அடிக்குது" என்று ஸ்பீக்கர் வாங்க ஓடுகிறோம்.

எங்கட அப்பப்பா, அம்மம்மா காலத்தில் மைக் இல்லாமல் பிரசங்கம் கேட்டதுக்கு சுவாமிமாரின் தொண்டை மட்டும் காரணம் இல்லை. வாங்கில் இருந்த சனமும் காரணம். நெருக்கி இருந்த உடம்புகள்தான் அந்தக் கோயிலின் ஒலியமைப்பு. அந்தச் சனம் போய்விட்டது. அந்த இடத்தில் பெட்டி வைத்து நிரப்பலாம் என்று நினைக்கிறோம். பௌதிகவியல் "ஏலாது" என்று சொல்லுது. எனக்கு இது பௌதிகவியலை விடப் பெரிய விசயமாகத் தெரியுது.

யார் பாடுவது?

1963 டிசம்பர் 4ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட முதல் பெரிய ஏடு திருவழிபாடு பற்றியது. அதன் நடுக்கொள்கை, சனம் வழிபாட்டில் முழுமையாக, உணர்ந்து, செயலோடு பங்குபற்றவேணும் என்பது. பூசை தாய்மொழிக்கு வந்த கதையின் அடிப்படை இது. சனம் பதில் சொல்லவேணும், பாடவேணும், உரிய நேரத்தில் அமைதியாகவும் இருக்கவேணும் என்று அந்த ஏடு சொல்லுது. லத்தீனில் நடந்தபோது விளங்கவில்லை, ஆகவே தமிழுக்கு மாத்தினோம். இப்போது தமிழில் நடக்குது, ஆனாலும் விளங்கவில்லை. அறுபது வருடத்தில் ஒரு பெரிய வட்டம் சுத்தி வந்திருக்கிறோம்.

பாட்டைப் பாருங்கள். பாடகர் குழாமில் ஆறு பேர், ஆறு பேருக்கும் ஒவ்வொரு மைக். கீபோர்டுக்கு ஒரு வயர், பாடுக்கு ஒரு வயர். அந்தச் சத்தத்துக்குள் வாங்கில் இருக்கிற ஆளுக்குத் தன் குரல் தனக்கே கேட்காது. பக்கத்தில் இருக்கிற ஆளின் குரலும் கேட்காது. குரல் கேட்காத இடத்தில் மனிசர் பாடமாட்டார்கள், வாயசைத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். பிறகு "சனம் பாடுதில்லை, பக்தி குறைஞ்சு போச்சு" என்று அறிவித்தலில் ஏச்சு விழும். பக்தி எங்கேயும் போகவில்லை. நீங்கள்தான் அதன் வாயில் துணி அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

மேடைக்குள்ளே இன்னொரு சண்டை நடக்கும். பிரான்ஸ் நாட்டுக் காதுமூக்குத் தொண்டை வைத்தியர் எத்தியேன் லொம்பார்ட் 1911இல் எழுதின விசயம் இது: சுத்திவர இரைச்சல் கூடினால் ஒருவர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார். கீபோர்ட் கூட, பாடுகிற பிள்ளை கத்தும். பிள்ளை கத்த, பாட் அடிக்கிற பெடியன் கூட்டுவான். பாட் கூட, கீபோர்ட்காரர் இன்னும் ஒரு கோடு ஏத்துவார். மூன்றாவது பாட்டுக்குள் எல்லாச் சிவப்பு லைட்டும் எரியும். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. குறைக்கச் சொல்ல அங்கே ஒருவர் இல்லை, அவ்வளவுதான்.

நான் கலைப்பீடத்தில் படிக்கிறவள். கூத்தைப் பற்றிப் படிக்கும்போது மெலிஞ்சிமுனை, பாசையூர், குருநகர் என்று கத்தோலிக்கக் கூத்து மரபு செழித்த ஊர்களின் பெயர் வந்துகொண்டே இருக்கும். மைக் வர முந்தின காலத்து அண்ணாவிமார் திறந்த வெளியில், விடிய விடிய, ஊர்ச்சனத்துக்குக் கேட்கப் பாடினார்கள். எப்படி? ஒரு ஆள் பாட, பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவார்கள். வரி இரண்டு தரம் காதுக்கு வரும். மத்தளம் சொல்லுக்கு இடம் விட்டு அடிக்கும். தபசுகாலத்தில் இரண்டு பக்கமாகப் பிரிந்து பாடுகிற பசாம், வியாகுலப் பிரசங்கம் எல்லாம் மைக்கை நினைத்து உண்டானவை இல்லை, மனிசக் குரலை நினைத்து உண்டானவை. இந்த அறிவு எங்கட கையில் இருந்தது. அதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, சீனாவில் செய்த இன்னொரு பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறோம்.

சொல்லப்படுகிற நியாயங்கள்

"வயசு போன ஆக்களுக்குக் கேக்கவேணுமெல்லோ?" இதுதான் முதல் நியாயம், எல்லாரையும் வாயடைக்கிற நியாயமும். ஆனால் வயதோடு வாற காதுக்குறைவு முதலில் தாக்குவது உயர்ந்த சுருதிகளை. ச, த, ப, க போன்ற மெய்களைப் பிரித்தறிய உதவுவது அந்தச் சுருதிகள்தான். கீழ்ச்சுருதி நன்றாகவே கேட்கும். ஆகவே ஒட்டுமொத்தமாகச் சத்தத்தைக் கூட்டினால் அவர்களுக்கு முழக்கம்தான் கூடும், சொல் கூடாது. அதோடு காது குறைந்த பலருக்கு மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் பெரிய சத்தம் மற்றவர்களுக்கு மாதிரியே, சிலவேளை இன்னும் கூடுதலாகவே நோகும். தீவகத்துக் கோயில் ஒன்றில் பூசை முடிந்து வந்த ஒரு அம்மம்மாவிடம் பிரசங்கம் எப்படி என்று கேட்டேன். "சுவாமி நல்லாத்தான் சொன்னவர் பிள்ளை, என்ன சொன்னவர் எண்டுதான் விளங்கேல்ல" என்றா. காது பொத்திக்கொண்டு இருந்தவா. அவவின் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பெட்டி வாங்கப்பட்டது.

"நோயாளிகள், படுக்கையில கிடக்கிறவை வீட்டில இருந்து கேப்பினம்." இது இரக்கமுள்ள நியாயம், மதிக்கிறேன். ஆனால் கூரையில் கட்டின கூம்பு ஸ்பீக்கரில் இருந்து ஓலைவேலி தாண்டி, காத்தில் அள்ளுண்டு போகிற குரலில் ஒரு வாசகமும் விளங்காது. எழுவைதீவு அளவான ஊரில் படுக்கையில் கிடக்கிறவர்களை இளைஞர் மன்றத்துக்குப் பெயர் பெயராகத் தெரியும். ஒரு போனில் பூசையைப் போட்டு, கட்டிலடியில் வைத்து, பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தால் போதும். கூம்பு கட்டினால் அந்தப் பிள்ளை போகத் தேவையில்லை. எங்களுக்கு அதுதான் வசதியாக இருக்கோ?

"சைவக் கோயில்லயும் போடினம்தானே." ஓம், போடுகிறார்கள். அவர்களின் ஊர்ப் பிள்ளைகள் அவர்களோடு கதைக்கட்டும். எங்கட வேதத்தில் "பக்கத்து வீட்டுக்காரன் செய்கிறதை நீயும் இரண்டு மடங்காகச் செய்" என்று ஒரு கட்டளை இருப்பதாக நான் படிக்கவில்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரு பின்னேரம் இருந்து, ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கவேணும், எத்தனை மணிக்கு நிப்பாட்டவேணும் என்று கதைத்து முடிக்கக்கூடிய அளவு சின்ன ஊர் இது.

"திருவிழா எண்டால் சத்தம் இருக்கவேணும்." திருவிழாவுக்கு ஆரவாரம் வேணும், ஒத்துக்கொள்கிறேன். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு இரண்டு கரையில் இருந்தும் ஆயிரக்கணக்கில் சனம் வருது. ஆளில்லாத தீவு, திறந்த வெளி, சுவரே இல்லை. அங்கே ஒலிபெருக்கி இல்லாமல் ஒன்றும் செய்ய ஏலாது. வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் விழும், அதை ஈடுகட்டத்தான் வேணும். நான் ஒலிபெருக்கிக்கு எதிரி இல்லை. நாலு சுவருக்குள், நாப்பது பேருக்கு முன்னால், கச்சதீவு ஸ்பீக்கரைப் போடுவதுக்குத்தான் எதிரி.

ஆரவாரத்துக்கும் ஒரு விலை இருக்கு. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் இருக்கலாம், அதுக்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது தொழிற்சுகாதாரத்தில் பாவிக்கிற கணக்கு. 94 என்றால் ஒரு மணித்தியாலம். 100 என்றால் கால் மணித்தியாலம். 2022இல் உலக சுகாதார நிறுவனம் இசை அரங்குகளுக்கே சராசரி 100 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று தரம் வைத்தது. ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் பாயில் இருக்கிற முதல்நன்மைப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை யார் பார்த்தது?

பொலிஸ் வர முந்தி

சென்னையில் கே.கே.ஆர். மஜெஸ்டிக் கொலனி என்று ஒரு குடியிருப்பு. அங்கே 'சேர்ச் ஒஃப் கோட்' என்ற பெந்தகொஸ்தே சபையின் ஜெபக்கூடம். ட்ரம்ஸ், கிற்றார், ஒலிபெருக்கி. குடியிருப்பாளர் சங்கம் வழக்குப் போட்டது. சபை "எங்களது மதச்சுதந்திரம்" என்றது. வீதியில் போகிற வாகனங்கள்தான் இரைச்சலுக்குக் காரணம் என்று ஒரு அதிகாரியின் அறிக்கையும் இருந்தது. 2000 ஓகஸ்ட் 30ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மற்றவர்களின் நிம்மதியைக் குலைத்துத்தான் ஜெபிக்கவேணும் என்று எந்த மதமும் சொல்லவில்லை. எழுவைதீவில் பழிபோட வாகனமும் இல்லை.

இலங்கையில் 2007 நவம்பரில் வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றைப் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் பொதுவாக எல்லாருக்கும் பொருந்துகிற கட்டளை போட்டது. இரவு 10 தொடக்கம் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. விசேட சமய நிகழ்வு என்றால், சத்தம் வளவுக்குள் நிற்கவேணும், அதுக்கும் முதல் பக்கத்தில் இருக்கிற ஆக்களின் கருத்தைக் கேட்டறியவேணும். ஒரு அளவுகோலுக்கு இதையும் சொல்கிறேன்: 1996ஆம் ஆண்டு ஒலிக்கட்டுப்பாட்டு ஒழுங்குவிதி பிரதேச சபைப் பகுதிகளுக்கு வைத்த எல்லை பகலில் 55, இரவில் 45 டெசிபல். எங்கட திருவிழாவை எந்த மீற்றரில் பிடித்தாலும் முள்ளு உடைந்துவிடும்.

சட்டத்தைக் காட்டி ஆரையும் வெருட்ட நான் விரும்பவில்லை. இந்த நாட்டில் சத்தச் சட்டம் யார் தலையில் இறங்கும், யார் தலையில் இறங்காது என்று எங்களுக்குத் தெரியும். பெரும்பான்மையின் விழாவுக்கு விடியவிடிய ஒலிபெருக்கி பாடும். சின்னச் சபையின் கதவை மட்டும் தட்டுவார்கள். அதனால்தான் சொல்கிறேன், எங்கட சத்தத்தை நாங்களே அளவாக வைப்போம். பொலிஸ் வந்து குறைத்தால் அது அடக்குமுறை. அயலவருக்காக நாங்களே குறைத்தால் அது அன்பு.

அந்த அயலவர் யார்? பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள். நடுச்சாமம் கடந்து எழும்பவேண்டிய ஆள் எட்டு, ஒன்பது மணிக்குப் படுக்கவேணும். இரவில் கடலுக்கு மேலே காத்துக் குளிர்ந்து கிடக்கும்போது ஒலி மேலே போகாமல் வளைந்து கீழே வரும், தண்ணிக்கு மேலால் வெகுதூரம் போகும். எங்கட தீவில் போடுகிற பாட்டு அடுத்த தீவில் படுத்திருக்கிறவனுக்கும் நித்திரைக்கு இடைஞ்சல்.

காசும் கரண்டும்

எழுவைதீவுக்குப் பெருநிலத்தின் மின்கம்பி வரவில்லை. முந்தி டீசல் ஜெனரேற்றர். பிறகு ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சூரிய ஒளி, காற்றாடி, பட்டரி, டீசல் எல்லாம் சேர்ந்த கலப்பு மின்நிலையம் வந்தது. தீவு முழுக்க அந்தச் சின்ன நிலையத்தில்தான் தங்கியிருக்கு. இப்போது கணக்கைப் பாருங்கள்: சத்தத்தை 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்கு வலு வேணும். காதுக்கு அது இரண்டு மடங்கு மாதிரித்தான் தெரியும். பத்து மடங்கு டீசலை போட்டில் ஏத்திவந்து எரித்து, அம்மம்மாவைக் காது பொத்த வைக்கிறோம்.

இதே டெசிபல் சும்மாவும் கிடைக்கும். வாயில் இருந்து ஒரு முழம் தள்ளி இருக்கிற மைக்கை ஒரு சாணுக்குக் கொண்டுவாருங்கள். தூரம் பாதி, 6 டெசிபல் லாபம். நாலு மடங்கு வலுவுக்குச் சமன். செலவு பூச்சியம். அதோடு அம்பை ஏத்திப் பெற்ற 6 டெசிபல் முழக்கத்தையும் பெருப்பிக்கும், மைக் கிட்ட வந்து பெற்ற 6 டெசிபல் மைக்குக்குள் போகிற முழக்கத்தை விடச் சொல்லை முன்னுக்குக் கொண்டுவரும்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கட சொந்தங்களுக்கும் ஒன்று. ரொறன்ரோவில், லண்டனில், பாரிசில் இருந்து திருவிழாவை நேரலையில் பார்க்கிறீர்கள். சத்தம் கிழியுது, ஒன்றும் விளங்கவில்லை என்று எழுதுகிறீர்கள். உடனே காசு சேர்த்து இன்னும் பெரிய பெட்டி அனுப்புகிறீர்கள். நேரலை கிழிவதற்குக் காரணம் போனின் மைக் அந்தப் பெரிய பெட்டியைத் தாங்காததுதான். மிக்சரில் இருந்து போனுக்கு ஒரு வயர் போட்டால் போதும். உங்கட அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பெட்டியில் "அன்பளிப்பு" என்று பெயர் எழுதலாம், ஒரு பிள்ளையைப் படிப்பித்தால் எதில் பெயர் எழுதுவது என்ற யோசனை உங்களுக்கு இருந்தால், அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உப்புக்காத்தில் மூன்றாவது வருடம் அந்தப் பெட்டியின் முனையெல்லாம் பச்சை பிடித்துவிடும். படித்த பிள்ளை பச்சை பிடிக்காது.

என்ன கேட்கிறோம்

ஒவ்வொரு பங்கிலும் இரண்டு பேரை, அதில் ஒருவராவது பெண்பிள்ளையாக, ஒலி பார்க்கப் படிப்பியுங்கள். அவர்களின் இடம் பலிபீடத்துக்குப் பின்னால் இல்லை, சனத்துக்கு நடுவில். சனம் கேட்கிறதைக் கேட்காத ஆளால் சனத்துக்கு ஒலி அமைக்க ஏலாது. சுவாமியோ மூப்பரோ பாடகர் குழாமோ "கூட்டு" என்று கை காட்டினால் "இல்லை" என்று சொல்லும் உரிமையையும் கொடுங்கள்.

வாசகம் வாசிக்கும்போது வாசிக்கிற மைக் மட்டும் திறந்திருக்கட்டும். திறந்து கிடக்கிற மைக் இரண்டு மடங்கானால் ஊளை இடாமல் எடுக்கக்கூடிய சத்தம் 3 டெசிபல் குறையும். இரண்டு பெரிய பெட்டிக்குப் பதிலாக, சனத்துக்குக் கிட்ட, காதுமட்டத்துக்குச் சற்று மேலே, சனத்தைப் பார்த்தபடி சின்ன ஸ்பீக்கர்கள் நாலு வையுங்கள். கூரைக்கும் பின்சுவருக்கும் பிரசங்கம் தேவையில்லை. பூசை நேரம் யன்னலைத் திறவுங்கள். நாப்பது பேரும் நாப்பது மூலையில் இருக்காமல் முன்னுக்கு வந்து ஒன்றாக இருங்கள். வாசிக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் மூச்சு விடப் பழக்குங்கள், அந்த இடைவெளியில் முழக்கம் அடங்கும்.

கடைசியாக, ஒவ்வொரு பூசையிலும் ஒரு பாட்டாவது மைக் இல்லாமல். ஒரே ஒரு பாட்டு. முதல் கிழமை கூச்சமாக இருக்கும், சுருதி பிசகும், யாரோ சிரிப்பார்கள். நாலாவது கிழமை பக்கத்து வாங்கில் இருக்கிற ஆளுக்கு இப்படி ஒரு குரல் இருக்குதா என்று திரும்பிப் பார்ப்பீர்கள்.

கொரிந்தியருக்கு எழுதின முதல் கடிதத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுல் விளங்காத பேச்சைப் பற்றித்தான் சண்டை பிடிக்கிறார். கேட்கிறவனுக்கு விளங்காவிட்டால் அவன் எப்படி ஆமென் சொல்லுவான் என்பதுதான் அவரின் கேள்வி. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. போனவர்கள் போய்விட்டார்கள். அவர்களில் சிலர் வருவார்கள், பலர் வரமாட்டார்கள். இருக்கிற நாப்பது பேரை இருநூறு பேர் மாதிரிக் காட்டுவதுக்கு வாங்கின பெட்டிகள் அந்த நாப்பது பேரின் குரலையும் சேர்த்து அமுக்கிவிட்டன. இருக்கிறவர்களாவது ஒருவரை ஒருவர் கேட்கட்டும். வொலியூமைக் குறையுங்கள்.